தாத்தாவின் செதிலும் பேரனின் சீழும்

வணக்கம். கோத்தகிரிக்குப் பக்கத்தில் தேயிலைத் தோட்டக் குடியிருப்பில் இருக்கிறோம். ஆறு வயது மகனுக்குக் கரப்பான் (எக்ஸிமா என்ற தோல் அரிப்பு நோய்). மார்கழி, தை வந்தால் முழங்கை மடிப்பிலும் முழங்காலின் பின்மடிப்பிலும் சொறிந்து சொறிந்து சீழ் வைத்துவிடுகிறது. என் மாமனாருக்குப் பல வருடங்களாகச் சொரியாசிஸ். முதுகெல்லாம் செதிலாக உரிந்து ரத்தம்கூடக் கசிகிறது, ஆனால் சீழ் பிடித்ததே இல்லை. இருவருக்கும் தோல் உடைந்துதானே இருக்கிறது? அவரிடமிருந்துதான் பிள்ளைக்கு ஒட்டிக்கொண்டது என்று வீட்டில் பேச்சு. இருவரையும் சேர்ந்து படுக்க விடுவதில்லை. இருவேளையும் கிருமிநாசினி சோப்பு போட்டு நல்ல வெந்நீரில் பிள்ளையைக் குளிப்பாட்டுகிறேன். சரிதானா?

— ஒரு வாசகி, கோத்தகிரி

அன்புள்ள சகோதரிக்கு,

கரப்பானும் சரி, சொரியாசிஸும் சரி, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டுபவை அல்ல. சீழ் கசியும் நாட்களில் மட்டும் பிள்ளையின் துண்டையும் போர்வையையும் தனியாக வையுங்கள், ஏனென்றால் அந்தச் சீழிலுள்ள பாக்டீரியா பரவக்கூடியது. அது ஆறியபின் தாத்தாவிடமிருந்து பேரனைப் பிரித்து வைக்க எந்தக் காரணமும் இல்லை. இத்தனை வருடங்களாக அந்தப் பெரியவர் ஒதுக்கத்தையும் சேர்த்துச் சுமந்திருக்கிறார் என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

இருவர் தோலும் உடைந்திருக்க ஒருவருக்கு மட்டும் ஏன் சீழ் பிடிக்கிறது என்று கேட்டீர்கள். இதே கேள்வி ஆராய்ச்சியாளர்களையும் துளைத்திருக்கிறது. ஜெர்மனியின் கீல் நகரப் பல்கலைக்கழகத்தில், சொரியாசிஸ் நோயாளிகளின் உடலிலிருந்து உதிர்ந்த செதில்களைச் சேகரித்துப் பிரித்துப் பார்த்தவர்கள், பாக்டீரியாவைக் கொல்லும் ஒரு சிறு புரதத்தை அவற்றில் கண்டு 1997இல் அறிவித்தார்கள். அதற்குப் பீட்டா டிஃபென்சின்-2 என்று பெயர். உங்கள் மாமனாரின் பாயிலிருந்து தினமும் பெருக்கித் தள்ளும் அந்தச் செதிலில் அப்படிப்பட்ட மருந்து செறிந்திருக்கிறது.

எல்லோருடைய தோலும் இத்தகைய புரதங்களைச் சுரக்கிறது. வியர்வைச் சுரப்பிகள் டெர்ம்சிடின் என்ற ஒன்றைத் தருகின்றன. சொரியாசின் என்ற இன்னொன்று, ஈ.கோலை பாக்டீரியாவுக்கு வேண்டிய துத்தநாகத்தைத் தன்னோடு பிணைத்துக்கொண்டு அதைப் பட்டினி போடுகிறது. கவாத்து வெட்டும்போது கையில் குச்சி கீறினால், அந்த இடத்துத் தோல் செல்கள் டிஃபென்சின்களையும், எல்.எல்-37 என்ற கேத்தலிசிடின் வகைப் புரதத்தையும் கூடுதலாகச் சுரக்கத் தொடங்குகின்றன. எல்.எல்-37 முப்பத்தேழே அமினோ அமிலங்களாலான சிறு துண்டு, நேர்மின்சுமை உடையது. பாக்டீரியாவின் மேலுறையோ எதிர்மின்சுமை உடையது. ஆகவே இது தானாக இழுபட்டுப் போய் அதில் ஒட்டி, உறைக்குள் நுழைந்து அதைக் கிழிக்கிறது. உள்ளிருப்பது கசிந்து பாக்டீரியா செத்துப்போகிறது. நம் செல்களின் வெளிப்புறத்தில் அவ்வளவு எதிர்மின்சுமை இல்லாததாலும், சவ்வில் கொலஸ்ட்ரால் இருப்பதாலும் அவை பெரும்பாலும் தப்பிவிடுகின்றன.

சொரியாசிஸில் உடலின் எதிர்ப்பு மண்டலம் இடைவிடாமல் அனுப்பும் இன்டர்லூக்கின்-17, 22 என்ற சமிக்ஞைகள் இந்தச் சுரப்பை முடுக்கிவிடுகின்றன. கரப்பானிலோ இன்டர்லூக்கின்-4, 13 என்பவை மேலோங்கி அதே சுரப்பை அடக்குகின்றன. கரப்பான் கண்ட தோலில் எல்.எல்-37உம் பீட்டா டிஃபென்சின்-2உம் சொரியாசிஸ் தோலைவிட மிகக் குறைவாக இருப்பதை 2002இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. அந்த இடைவெளியில்தான் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா உங்கள் மகனின் மடிப்புகளில் குடியேறுகிறது. ஆகவே நீங்கள் சுத்தம் பேணவில்லை என்று யாரும் குறை சொன்னால் அதை மனத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டாம்.

ஆனால் இருவேளைக் குளியலை நிறுத்துங்கள். தோலின் மேற்பரப்பு இயல்பிலேயே சற்று அமிலத்தன்மை உடையது, அதன் பி.எச். அளவு ஏறத்தாழ 5. சாதாரணக் கட்டிச் சோப்பு 9, 10 என்ற காரத்தன்மை உடையது. அந்தச் சோப்பும் கொதிக்கும் வெந்நீரும், நம் மலையின் வறண்ட பனிக்காற்றும் சேர்ந்து தோலின் எண்ணெய்ப் பசையை உருவிவிடுகின்றன. கிருமிநாசினி சோப்பு, நமக்குத் துணையாகத் தோலில் வாழும் நல்ல பாக்டீரியாவையும் சேர்த்து அழிக்கிறது. தினம் ஒரு வேளை மட்டும், வெதுவெதுப்பான நீரில், பத்து நிமிடத்துக்குள் குளிப்பாட்டி, ஈரம் காய்வதற்குள் வாசலினோ மருத்துவர் தரும் களிம்போ தடவுங்கள். மஞ்சளையும் வேப்பிலையையும் அரைத்துப் பச்சைப் புண்ணில் அப்பாதீர்கள். எரிச்சல் கூடி இன்னும் சொறிவான். வீக்கத்தைத் தணிக்க மருத்துவர் ஸ்டீராய்டு களிம்பு எழுதித் தந்தால் பயந்து பாதியில் விட வேண்டாம். சிவப்பு பரவினாலோ, காய்ச்சல் வந்தாலோ, நீர்க்கொப்புளங்கள் கொத்தாகக் கிளம்பினாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

உங்கள் மாமனாருக்குச் சீழ் பிடிக்காததால் சிகிச்சை வேண்டாம் என்று இருந்துவிடக் கூடாது. அளவு மீறிச் சுரக்கும் எல்.எல்-37, செத்த செல்களின் டி.என்.ஏ.வோடு சேர்ந்து எதிர்ப்பு மண்டலத்தை மேலும் கிளப்பிவிடுகிறது என்று 2007இல் தெரியவந்தது. அவரைக் காக்கும் புரதமே அவர் நோயையும் வளர்க்கிறது. ஊட்டிக்கோ கோவைக்கோ போகும்போது தோல் மருத்துவரிடம் அவரையும் அழைத்துச் செல்லுங்கள். விரல் மூட்டுகளில் வீக்கமோ காலையில் விறைப்போ இருந்தால் அதையும் சொல்லச் சொல்லுங்கள், ஏனென்றால் சொரியாசிஸ் மூட்டுகளையும் பாதிக்கக்கூடியது.

அன்புடன்.