டெக்சாஸில் சாலையோரம் நிற்கும் வரலாற்றுப் பலகைகளில் எழுதியிருப்பதெல்லாம் உண்மைதானா? மேற்கு டெக்சாஸ் பக்கம் போனால் எதைப் பார்க்கலாம்?

பெரும்பாலும் உண்மைதான். ஆனால் பலகையைக் கீழிருந்து படிக்கப் பழகிக்கொள்ளுங்கள். அடியில் அதை வைத்த வருஷம் இருக்கும். அதைப் பார்த்துவிட்டுத்தான் மேலே எழுதியிருப்பதை எவ்வளவு நம்பலாம் என்று முடிவு செய்ய வேண்டும்.

இந்தப் பாடத்தை நான் கற்றது ஜெஃப் டேவிஸ் கவுண்டியில். கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி. நீங்கள் கேட்ட இரண்டு கேள்விக்கும் அந்த ஒரு கவுண்டியே போதும்.

நான் ஆஸ்டினில் இருக்கிறேன். அங்கிருந்து மேற்கே கிட்டத்தட்ட ஏழு மணி நேரம் ஓட்ட வேண்டும். பரப்பளவில் மதுரை மாவட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு. 2020 கணக்கெடுப்பின்படி மொத்த மக்கள் 1,996 பேர். நம்மூர்க் கல்யாண மண்டபம் ஒன்றில் இரண்டு பந்தியில் உட்கார வைத்துவிடலாம். தலைநகரான போர்ட் டேவிஸ் ஐயாயிரம் அடி உயரத்தில் இருக்கிறது. அதற்கு நகராட்சிகூடக் கிடையாது.

முதல் தடவை போனபோது ஒரு பலகையையும் நான் படிக்கவில்லை. ஐ-10 நெடுஞ்சாலையில் அந்தப் பக்கம் 80 மைல் வேகம் வரைக்கும் போகலாம். 'ஒரு மைலில் வரலாற்றுப் பலகை' என்று அறிவிப்பு வரும். நிறுத்தலாமா என்று யோசிப்பதற்குள் பலகை பின்னால் போயிருக்கும். "அடுத்ததுல நிறுத்துங்க" என்று என் மனைவி ஆறு தடவை சொல்லியிருப்பாள். இரண்டாம் பயணத்தில் அவளே ஓட்டினாள், எல்லாவற்றிலும் நிறுத்தினாள்.

பலகைகளில் இரண்டு தலைமுறை உண்டு. மெக்சிகோவிடமிருந்து டெக்சாஸ் பிரிந்து நூறு வருஷம் ஆனதை 1936-இல் பெரிதாகக் கொண்டாடினார்கள். அப்போது மாநிலம் முழுக்க சுமார் 1,100 நினைவுக்கற்களும் சின்னங்களும் வைத்தார்கள். கிரானைட் கல், வெண்கலப் பட்டயம், நட்சத்திரம் என்று இருந்தால் பெரும்பாலும் அந்தக் காலத்துச் சரக்கு. 1960-களில் தொடங்கியவை கம்பத்தில் நிற்கும் அலுமினியப் பலகைகள். இன்று மாநிலத்தில் பதினாறாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. பின்னாளில் வந்தவற்றுக்கு ஆதாரத்தோடு விண்ணப்பம் எழுதி, மாநில வரலாற்று ஆணையம் சரிபார்த்த பிறகுதான் அனுமதி. 1936 கற்களில் அந்தக் கறார் இல்லை. நூற்றாண்டு விழாவுக்கு ஏற்ற வீரமும் காதலும் அதில் தாராளமாக உண்டு.

இன்னொரு விஷயமும் பலருக்குத் தெரியாது. பலகை இருப்பதாலேயே ஒரு இடத்துக்குப் பாதுகாப்பு வந்துவிடாது. 'பதிவு பெற்ற டெக்சாஸ் வரலாற்றுச் சின்னம்' என்ற தனி வகை இருக்கிறது, அது கட்டடங்களுக்கு மட்டும். அந்தப் பட்டயம் உள்ள வீட்டின் வெளித்தோற்றத்தை மாற்ற நினைத்தால் உரிமையாளர் 60 நாள் முன்பே ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மற்ற பலகைகள் வெறும் தகவல்தான். பக்கத்திலுள்ள கட்டடத்தை நாளைக்கே இடித்தாலும் பலகை பாட்டுக்கு நிற்கும்.

இனி கோட்டைக்கு வருவோம்.

சான் அன்டோனியோவிலிருந்து எல் பாசோ போகும் பாதையைக் காக்க 1854-இல் போர்ட் டேவிஸ் கோட்டையை அமைத்தார்கள். கலிபோர்னியா போகிறவர்களும் அஞ்சல் வண்டிகளும் அந்த வழியில்தான் போனார்கள். அபாச்சி, கொமாஞ்சி மக்களின் போக்குவரத்துத் தடங்களும் அந்த நிலத்திலேயே இருந்தன. அப்போது அமெரிக்கப் போர்த்துறைச் செயலாளராக இருந்த ஜெஃபர்சன் டேவிஸின் பெயரைக் கோட்டைக்கு வைத்தார்கள். பாலைவனத்தில் சரக்குச் சுமக்க ஒட்டகம் சரிப்படுமா என்று பார்க்க நாடாளுமன்றத்திடம் 30,000 டாலர் வாங்கியவரும் இவர்தான். 1857-இல் அப்படி வந்த 25 ஒட்டகங்கள் இந்தக் கோட்டை வழியாகவே மேற்கே நடந்தன.

அதே டேவிஸ் 1861-இல் அடிமைமுறையைக் காக்கப் பிரிந்துபோன தென்மாநிலங்களின் அதிபரானார். போர் முடிந்து 1867-இல் ராணுவம் கோட்டைக்குத் திரும்பியபோது வந்தது 9-ஆவது குதிரைப்படை. சிப்பாய்கள் கறுப்பர்கள், அவர்களில் பலர் சில வருஷம் முன்புவரை அடிமைகள். 'எருமை வீரர்கள்' என்று பெயர் பெற்றவர்கள். அவர்கள்தான் பச்சைச் செங்கல்லிலும் கல்லிலும் கோட்டையை மறுபடி எழுப்பினார்கள், தந்திக் கம்பி இழுத்தார்கள், அஞ்சல் வண்டிக்குக் காவல் போனார்கள். அடிமைமுறைக்காகச் சண்டை போட்டவரின் பெயர் தாங்கிய கோட்டையில் இதெல்லாம் நடந்தது. 1887-இல் பிரெசிடியோ கவுண்டியைப் பிரித்துப் புதுக் கவுண்டி உண்டாக்கியபோது அதற்கும் அதே பெயரைத்தான் வைத்தார்கள். இந்தத் தடவை அவர் யார் என்று எல்லோருக்கும் நன்றாகவே தெரியும்.

1891-இல் ராணுவம் கோட்டையைக் கைவிட்டது. இப்போது தேசியப் பூங்காத் துறையிடம் இருக்கிறது. ஒரு வரிசை அதிகாரிகள் வீடு, சிப்பாய்க் கொட்டடி, மருத்துவமனை என்று சிலவற்றைச் செப்பனிட்டு வைத்திருக்கிறார்கள். மற்றதெல்லாம் அடித்தளமும் கரைந்த சுவரும்தான். எனக்குப் பிடித்தது அந்தக் கரைந்த சுவர்கள். மண் செங்கல் நேராக உடைவதில்லை. வெல்லக்கட்டி மழையில் நனைந்தால் எப்படி முனை மழுங்குமோ, அப்படித்தான் தேய்கிறது. அணிவகுப்பு மைதானத்தில் நின்றால் 1875-ஆம் வருஷத்து மாலை அணிவகுப்பை ஒலிபெருக்கியில் போடுவார்கள்: எக்காளம், குதிரைக் குளம்பு, பேண்டு வாத்தியம், அதிகாரியின் அதட்டல். பின்னால் இருக்கும் செங்குத்துப் பாறையில் பட்டுச் சத்தம் திரும்பி வரும். மைதானத்தில் ஒரு ஈ காக்கா இருக்காது. என் பையன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

உங்கள் முதல் கேள்விக்கான சரியான உதாரணமும் இந்தக் கோட்டையில்தான் இருக்கிறது. 1936-இல் இங்கே ஒரு கல் வைத்தார்கள், 'இந்தியன் எமிலி' என்ற அபாச்சிப் பெண்ணுக்கு. அவள் ஓர் இளம் அதிகாரி மேல் காதல் கொண்டாள். தாக்குதல் வரப்போகிறது என்று எச்சரிக்க வந்தாள். எதிரி என்று நினைத்துக் காவலாளி சுட்டுவிட்டான். ஆனாலும் கோட்டை தப்பியது. கல்லில் இருப்பது இவ்வளவுதான். ஊரில் சொல்லும் கதையில் அந்த அதிகாரிக்கு டாமஸ் ஈஸ்டன் என்று பெயர், அவருக்கு ஓர் அம்மா, நிச்சயித்த வேறொரு பெண் என்று முழுநீளப் படத்துக்கான சரக்கே உண்டு. கோட்டையின் ராணுவப் பதிவேடுகளில் தேடியவர்களுக்கு ஈஸ்டன் என்ற அதிகாரியே அகப்படவில்லை. வரலாற்றாசிரியர்கள் இதைக் கட்டுக்கதை என்று ஒதுக்கி ரொம்ப நாளாகிறது.

கற்பனைக் காதலிக்கு ஒரு கல் இருந்துவிட்டுப் போகட்டும் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். ஹென்றி ஃப்ளிப்பர் பற்றித் தெரிந்த பிறகு அப்படி விட முடியவில்லை.

ஃப்ளிப்பர் 1856-இல் ஜார்ஜியாவில் அடிமையாகப் பிறந்தவர். வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் 1877-இல் தேறிய முதல் கறுப்பர். 1880-இல் இந்தக் கோட்டைக்கு மாற்றலாகி வந்தார். உணவுப் பண்டசாலைக் கணக்கு அவர் பொறுப்பில் இருந்தது. கணக்கில் பணம் குறைவதைக் கண்டதும், தனக்கு ஆகாதவர்கள் இதை வைத்தே தன்னை ஒழித்துவிடுவார்கள் என்று பயந்து மறைத்தார். அது அவர் செய்த தப்பு. கமாண்டர் கர்னல் ஷாஃப்டர் அவரைச் சிறையில் போட்டார். 3,791 டாலர் 77 சென்ட் கையாடல் என்று வழக்கு. ஊர்க்காரர்களும் நண்பர்களும் கைக்காசு போட்டு, குறைந்த தொகையை ஈடுகட்டினார்கள். கோட்டைத் தேவாலயத்தில் ராணுவ நீதிமன்றம் கூடியது. கையாடல் நிரூபணமாகவில்லை, ஆனால் 'அதிகாரிக்குத் தகாத நடத்தை' என்று தீர்ப்பாகி, 1882 ஜூன் 30-இல் ராணுவத்தை விட்டு நீக்கினார்கள். ராணுவத்தின் தலைமைச் சட்ட அதிகாரியே தண்டனையைக் குறைக்கச் சொல்லியும் அதிபர் ஆர்தர் நீக்கத்தை உறுதி செய்தார்.

அதற்குப் பிறகு அவர் ஒடுங்கிப்போகவில்லை. எல்லைப் பகுதியிலும் மெக்சிகோவிலும் நில அளவையாளராக, பொறியாளராக வேலை பார்த்தார். பெயரைத் துடைக்கக் கடைசிவரை மனு போட்டுக்கொண்டே இருந்தார். 1936-இல் எமிலிக்குக் கல் நட்டபோது ஃப்ளிப்பருக்கு எண்பது வயது, அட்லாண்டாவில் தம்பி வீட்டில் உயிரோடு இருந்தார். 1940-இல் இறந்தார். 1976-இல்தான் ராணுவம் அவர் நீக்கத்தை 'கௌரவமான விடுவிப்பு' என்று மாற்றியது. 1999-இல் அதிபர் கிளின்டன் மன்னிப்பு வழங்கினார்.

அந்தத் தேவாலயம் இருந்த இடத்தில் இன்று இருப்பது கல் அடித்தளம்தான். முழங்கால் உயரப் புல். பெரும்பாலோர் அதிகாரிகள் வீட்டைப் பார்த்துவிட்டு அப்படியே வண்டிக்குப் போய்விடுகிறார்கள். நீங்கள் போனால் அங்கே கொஞ்சம் நில்லுங்கள்.

ஆணையமும் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இதுவரை சொல்லாமல் விட்ட கதைகளுக்கென்றே தனித் திட்டம் வைத்து, விண்ணப்பக் கட்டணப் பணத்தில் பலகை வைக்கிறார்கள். அதனால்தான் அடியில் இருக்கும் வருஷத்தைப் பார்க்கச் சொன்னேன்.

மற்றவை சுருக்கமாக. 1910 வாக்கில் கட்டிய கவுண்டி நீதிமன்றம், ஒரு சுற்று சுற்றினால் போதும். மலைப் பூங்காவுக்குள் இருக்கும் இந்தியன் லாட்ஜ் 1930-களின் வேலையில்லாத் திண்டாட்டத்தில் அரசு வேலைத்திட்ட இளைஞர்கள் மண் செங்கல்லால் கட்டிய விடுதி; அறை கிடைத்தால் கட்டாயம் தங்குங்கள். வாலன்டைன் ஊருக்குப் பக்கத்தில் நெடுஞ்சாலையோரம் தனியாக நிற்கும் 'பிராடா மார்ஃபா' 2005-இல் இரண்டு கலைஞர்கள் பிராடா என்ற ஆடம்பர நிறுவனத்தின் கடை மாதிரி வைத்த பொய்க்கடை. கதவு திறக்காது. உள்ளே இருக்கும் காலணி எல்லாம் வலது கால் மட்டும். திறந்த சில நாளிலேயே முதல் சரக்கு திருடு போனது. இந்தக் கவுண்டியில் அதிகம் பேர் படமெடுப்பது இதைத்தான். என்னத்தைச் சொல்ல.

இரவுக்கு மெக்டொனால்ட் வானாய்வகம். பாரிஸ் என்ற டெக்சாஸ் ஊரின் வங்கிக்காரர் ஒருவர் உயிலெழுதி வைத்த பணத்தில் வந்தது, 82 அங்குலத் தொலைநோக்கி 1939-இல் திறப்பு. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் அப்போது வானியல் ஆள் பலம் இல்லாததால் சிகாகோ பல்கலைக்கழகம் நடத்திக் கொடுத்தது. முதல் இயக்குநர் ஓட்டோ ஸ்ட்ரூவ, நம்ம சுப்பிரமணியன் சந்திரசேகரை 1937-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் யெர்க்ஸ் வானாய்வகத்துக்கு அழைத்து வேலை கொடுத்த அதே மனிதர். யுரேனஸின் மிராண்டா நிலவை வானியலாளர் கைப்பர் 1948-இல் கண்டுபிடித்தது இந்த 82 அங்குலத்தில்தான்.

பக்கத்தில் 107 அங்குலத் தொலைநோக்கி. 1970-இல் ஊழியர் ஒருவர் கைத்துப்பாக்கியால் அதன் முதன்மைக் கண்ணாடியையே ஏழு தடவை சுட்டார். கண்ணாடி சிதறவில்லை. குழிகளைச் சீர் செய்து கறுப்படித்து விட்டார்கள், இன்றும் வேலை செய்கிறது. எல்லைப்புற டெக்சாஸின் துப்பாக்கிக் கதைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

வானாய்வகத்தின் 'நட்சத்திர விருந்து'க்கு (தொலைநோக்கியில் வானம் காட்டும் இரவு நிகழ்ச்சி) முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். நாங்கள் செய்யாமல் போய், வாசலோடு திரும்பினோம். இடம் 6,700 அடிக்கு மேல், ஜூலையிலும் ராத்திரி குளிரும், ஸ்வெட்டர் வேண்டும். போர்ட் டேவிஸிலேயே பெட்ரோல் நிரப்பிக்கொள்ளுங்கள். அங்கிருந்து எல் பாசோ போவதாக இருந்தால் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும், விமானத்துக்குப் பதறாதீர்கள்.