டோக்கன் ரிங்: படிக்க வேண்டுமா, தாண்டிப் போகலாமா?

உங்கள் மகளின் நெட்வொர்க் பாடத்திட்டத்தில், கணினிகளை இணைக்கும் பழைய முறையான டோக்கன் ரிங் இருப்பதைப் பார்த்துவிட்டு, "வழக்கொழிந்து போனதைப் படித்து என்ன வேலை கிடைக்கும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். கவலை நியாயமானது. டோக்கன் ரிங் தெரிந்தவர் தேவை என்று இனி யாரும் விளம்பரம் செய்யப்போவதில்லை. ஆனாலும் அந்தப் பாடத்தை அவர் கவனமாகப் படிக்க வேண்டும் என்பதே என் கருத்து.

ஒரே கம்பியைப் பல கணினிகள் பகிர்ந்துகொண்டால், யார் எப்போது பேசுவது? டோக்கன் ரிங்குக்குப் போட்டியாக இருந்த இணைப்பு முறையான ஈதர்நெட்டின் பழைய வடிவில், கம்பி ஓய்ந்திருந்தால் எந்தக் கணினியும் அனுப்பலாம். இரண்டு ஒரே நேரத்தில் அனுப்பிவிட்டால் மோதல். இரண்டும் நிறுத்தி, சற்றுப் பொறுத்து மறுபடி முயல வேண்டும். 1980களில் ஐபிஎம் சந்தைக்குக் கொண்டுவந்த டோக்கன் ரிங்கில் மூன்றே பைட் கொண்ட டோக்கன் ஒன்று வளையத்தைச் சுற்றிவரும். அது யாரிடம் வருகிறதோ, அவருக்கே அனுப்பும் உரிமை. மோதலே கிடையாது. நெரிசல் எவ்வளவு கூடினாலும், தன் முறை வர அதிகபட்சம் எவ்வளவு நேரமாகும் என்று கணக்கிட்டுவிடலாம். அந்த உறுதி உண்மையிலேயே அழகானது.

குறைகளும் அதே வளையத்தில்தான் இருந்தன. கேபிள்கள் எல்லாம் நடுவிலுள்ள ஒரு பெட்டிக்கு வரும். கணினி வளையத்தில் சேரும்போது பெட்டிக்குள் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சிறு இணைப்பான்) 'டிக்' என்று ஒலிக்கும். கணினியை அணைத்தால் ரிலே மூடி வளையத்தைக் காப்பாற்றிவிடும். ஆனால் நொடிக்கு 16 மெகாபிட் வேகத்தில் ஓடும் வளையத்தில், 4 மெகாபிட்டுக்கு அமைத்த ஒரு நெட்வொர்க் அட்டையைச் செருகினால் போதும், மொத்த வளையமும் தடுமாறும். டோக்கன் தொலைந்தால் புதிதாக உருவாக்க ஒரு கணினி காவல் இருக்க வேண்டும். அட்டைகளின் விலையும் அதிகம். பிறகு ஸ்விட்ச் வந்து ஒவ்வொரு கணினிக்கும் தனிப்பாதை கொடுத்ததும் ஈதர்நெட்டில் மோதல் பிரச்சினையே தீர்ந்தது. 1995இல் அதன் வேகம் 100 மெகாபிட்டைத் தொட்டது. டோக்கன் ரிங்கின் பெரிய பலத்துக்குத் தேவையே இல்லாமல் போயிற்று.

தொழில்நுட்பம் போனாலும் கேள்வி போகவில்லை. வைஃபையில் எல்லாக் கருவிகளும் ஒரே காற்றைத்தான் பகிர்கின்றன. ஆலைகளில் இயந்திரங்களை இணைக்கும் புரோஃபிபஸ் நெட்வொர்க்கில் முதன்மைக் கருவிகள் இன்றும் டோக்கனைக் கைமாற்றுகின்றன. நேர்முகத் தேர்வில் "ஈதர்நெட் ஏன் வென்றது?" என்று கேட்டால், "மலிவு" என்ற ஒரே சொல்லோடு நிற்பவரையும், ஸ்விட்ச் வரைக்கும் விளக்குபவரையும் நொடியில் பிரித்துவிடலாம்.

ஆகவே இதற்கென்று தனிப் பயிற்சிக்குப் பணம் கட்ட வேண்டாம். இரண்டு மாலைகள் போதும். மீதி நேரம் முழுவதும் ஐபி முகவரி, ஸ்விட்சிங், ரவுட்டிங், லினக்ஸ் ஆகியவற்றுக்குப் போகட்டும். நெட்வொர்க்கில் போய்வரும் தரவைக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளைத் திறந்து, தன் கணினியின் பாக்கெட்டுகளை (தரவுத் துண்டுகளை)த் தினமும் கொஞ்சம் பார்த்துப் பழகட்டும்.

இன்றிரவு அவரிடம் ஒரு தாளைக் கொடுங்கள். ஐந்து கணினிகள் கொண்ட வளையம் வரைந்து, டோக்கன் ஒன்று, இரண்டு, மூன்று என்ற வரிசையில் சுற்றுவதாகக் குறித்து, மூன்றுக்கும் நான்குக்கும் இடையில் கம்பியை அறுத்துவிட்டு, பழுதை முதலில் உணர்வது எது என்று கேளுங்கள். "நான்காவது; மூன்றிலிருந்து அதற்கு எதுவும் வரவில்லையே" என்று காரணத்தோடு சொன்னால், அடுத்த பாடத்துக்குப் போகலாம்.