பிடித்த நடிகரின் அரசியல் பிடிக்காமல் போனால், அவர் படங்களைப் பழையபடி ரசிக்க முடியுமா?

கேள்வியைப் பார்த்தால் உங்களுக்கு வயது இருபத்தைந்துக்குள் இருக்கும் என்று தோன்றுகிறது. சின்ன வயதிலிருந்து பிடித்த ஒருவர் மேடையேறி ஏதோ பேசிவிட்டார், அல்லது நீங்கள் கொஞ்சமும் எதிர்பார்க்காத பக்கம் போய் நின்றுவிட்டார். இப்போது அவர் பாட்டு டிவியில் வந்தால் மாற்றவா, விடவா என்று ரிமோட்டைப் பிடித்த கை தடுமாறுகிறது. என் ஊகம் தவறென்றால் மன்னியுங்கள். ஆனால் அந்தக் கை தடுமாறுவது எனக்கு நன்றாகத் தெரியும்.

என் பதில் இதுதான். டிக்கெட் காசு மட்டும் கொடுத்தவருக்கு முடியும். வருஷங்களைக் கொடுத்தவருக்கு முடியாது. நான் பன்னிரண்டு வருஷம் கொடுத்தவன்.

முடியும் என்பதற்கு எங்கள் வீட்டிலேயே சாட்சி உண்டு. என் பெரியப்பா எம்.ஜி.ஆர் என்றால் உயிரை விடுகிறவர். 1967 ஜனவரி 12 அன்று எம்.ஜி.ஆரை எம்.ஆர்.ராதா சுட்டார் என்ற செய்தி வந்தபோது அவர் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று பெரியம்மா சொல்வார். கழுத்தில் கட்டோடு எம்.ஜி.ஆர் இருந்த சுவரொட்டியைக் கிழியாமல் உரித்துவந்து வீட்டில் ஒட்டியவர். அதே பெரியப்பா, சில வருஷம் கழித்து ராதா நடித்த 'ரத்தக்கண்ணீர்' பக்கத்து ஊர்க் கொட்டகைக்கு வந்தபோது சைக்கிள் மிதித்துப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "சுட்டது பாவம். ஆனா மனுசன் நடிச்சிருக்கான் பாரு" என்றாராம். தன் தலைவனைச் சுட்ட ஒருவரின் நடிப்பை அவரால் தனியாக எடுத்துவைத்துப் பார்க்க முடிந்திருக்கிறது. இத்தனைக்கும் அவர் கலை பற்றி நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசுகிறவர் இல்லை.

எம்.ஜி.ஆரே அப்படி நடந்துகொண்டார். கண்ணதாசன் 1961இல் தி.மு.க.வை விட்டு வெளியேறி, பிறகு காங்கிரஸ்காரராகி, எம்.ஜி.ஆரைக் கடுமையாக விமர்சித்து எழுதியவர். 1978இல் முதலமைச்சர் நாற்காலியில் இருந்த எம்.ஜி.ஆர் அவரைத்தான் அரசவைக் கவிஞராக்கினார். சிவாஜி விஷயத்தில் மக்கள் இதைத் தலைகீழாகச் செய்தார்கள். அவர் 1988இல் தமிழக முன்னேற்ற முன்னணி தொடங்கி, 1989 தேர்தலில் திருவையாற்றில் நின்று தோற்றார். அவர் கட்டபொம்மனாக நின்றபோது சிலிர்த்த ஜனம்தான் ஓட்டை வேறு இடத்தில் போட்டது. அதற்காக அவர் படத்தை யாரும் வெறுக்கவில்லை. 2012இல் 'கர்ணன்' மறுபடி வெளியானபோது எழுபது வயதுக்காரர்கள் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

ஆனால் "கலை வேறு, அரசியல் வேறு" என்று ஒரே வரியில் முடித்துவைக்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. தமிழ் சினிமாவில் அப்படி ஒரு கோடே இருந்ததில்லை. 1952இல் வந்த 'பராசக்தி'யிலிருந்து அரசியலை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? தங்கையைத் தேடும் ஓர் அண்ணனின் கதை மிஞ்சும். அந்தக் கதைக்காகவா அதைத் தடை செய்யச் சொல்லிக் குரல் எழுந்தது? 'நாடோடி மன்னன்' எடுத்த எம்ஜியார் பிக்சர்ஸின் முத்திரையிலேயே ஓர் ஆணும் பெண்ணும் கட்சிக்கொடியைப் பிடித்து நிற்பார்கள். படம் தொடங்கும் முன்பே கொடி ஏறிவிடும். இவர்கள் அரசியலை ஒளித்து விற்கவில்லை. டிக்கெட் எடுக்கும்போதே உங்களுக்குத் தெரியும். பிடித்தால் போகலாம், பிடிக்காவிட்டால் வீட்டில் இருக்கலாம்.

எனக்கு நடந்தது வேறு. நான் அரசியல் இல்லாத ஒருவரைத் தேர்ந்தெடுத்தேன். அரசியல் பிறகு வந்தது.

எந்த நடிகர் என்று சொல்லப் போவதில்லை. 1972இல் எம்.ஜி.ஆர், 2005இல் விஜயகாந்த், 2018இல் கமல், 2024இல் விஜய் என்று கட்சி தொடங்கியவர்கள் நம் ஊரில் பலர். நான் சொல்லாதவர்களும் உண்டு. யூகித்துக்கொண்டு வந்து சண்டை போடாதீர்கள். அவர் கெட்டவர் என்று நான் எங்கும் எழுதவில்லை.

எங்களுடையது விருதுநகர் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர். ஒரே ஒரு தியேட்டர். புதுப்படம் மதுரையிலும் சிவகாசியிலும் ஓடித் தேய்ந்த பிறகுதான் எங்களுக்கு வரும். ரிலீஸ் தேதி என்று பேப்பரில் போடுவது எங்களைப் பொறுத்தவரை யாருக்கோ உரியது. ராத்திரி கடைசி பஸ்ஸின் கூரையில் பெட்டி வந்து இறங்கும் நாள்தான் எங்களுக்கு ரிலீஸ். ஒன்பது மணியிலிருந்தே பஸ் நிறுத்தத்தில் காத்து நிற்போம். பெட்டியை இறக்கித் தலையில் வைத்துக்கொண்டு தியேட்டர் வரை நடப்போம். ஆபரேட்டர் அதைத் திறந்து ரீல்களை எண்ணி, எல்லாம் சரி என்று தலையாட்டிய பிறகுதான் வீட்டுக்குப் போவோம்.

எங்கள் ஊர் ரசிகர் மன்றக் கிளையில் முப்பத்தொரு பேர். நான் செயலாளர். தலைமை மன்றத்திலிருந்து பதிவு எண் வாங்கி, போர்டு எழுதி, தையல்கடை மாடிப்படிக்குக் கீழே மாட்டியிருந்தோம். உடனே சிலர், பால் ஊற்றிய கூட்டம்தானே என்பீர்கள். நாங்கள் கட்அவுட்டுக்குப் பால் ஊற்றியதே இல்லை. அவர் பிறந்தநாளுக்குப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டு கொடுத்தோம், மதுரை ஆஸ்பத்திரிக்கு வேன் பிடித்துப் போய் ரத்தம் கொடுத்தோம். தோரணமும் கட்டினோம், சரவெடியும் வெடித்தோம். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

அந்த முப்பத்தொரு பேர் யார் என்பதுதான் முக்கியம். ஒருவனின் அப்பா தீப்பெட்டி ஆலைச் சங்கத்தில் செங்கொடி பிடித்தவர். ஒருவனின் மாமா இரட்டை இலையில் நின்று கவுன்சிலர் ஆனவர். எங்கள் பொருளாளர் வீட்டில் தாத்தா காலத்திலிருந்து கறுப்பு சிவப்புக் கரை வேட்டிதான். கீழத்தெருவிலிருந்தும் ஆள் உண்டு, மேலத்தெருவிலிருந்தும் உண்டு. ஊரில் கோயில் திருவிழாவுக்குக்கூட ஒன்றாக நிற்காதவர்கள் இங்கே ஒரே வாளிப் பசையில் கை விட்டு ராத்திரி இரண்டு மணிக்குச் சுவரொட்டி ஒட்டினோம். அது தானாக நடந்துவிடவில்லை. மன்ற நோட்டின் முதல் பக்கத்தில் என் கையெழுத்தில் ஒரு விதி இருந்தது: மன்றத்தில் கட்சி பேசக்கூடாது, பேசினால் ஐந்து ரூபாய் அபராதம். தேர்தல் நேரத்தில் அபராதம் நன்றாகச் சேரும். பள்ளிக்கூட நோட்டுச் செலவில் பாதி அதிலிருந்துதான் வந்தது.

அவர் கட்சி தொடங்கிய மாதம் மாவட்டத்திலிருந்து ஓர் ஆள் வந்தார். ஞாயிற்றுக்கிழமைக்குள் போர்டை மாற்ற வேண்டும், ஆளுக்கு நூறு உறுப்பினர் சேர்க்க வேண்டும் என்றார். நான் நோட்டை எடுத்து முதல் பக்கத்தைக் காட்டினேன்.

"அதெல்லாம் தலைவர் நடிகரா இருந்தப்போ, தம்பி. இனிமே மன்றம்தான் கட்சி."

அன்று ராத்திரி கூட்டம் போட்டோம். நான்தான் பேசினேன். தலைவர் முடிவெடுத்துவிட்டார், நாம் கூட நிற்காவிட்டால் வேறு யார் நிற்பது என்று உணர்ச்சிவசப்பட்டுப் பேசினேன். ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை, அப்படித்தான் நம்பினேன். பேசி முடித்ததும் பொருளாளர் சொன்னான்:

"மாப்ள, அஞ்சு ரூபா எடுத்து வை."

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. கல்லாப்பெட்டிச் சாவியை மேஜையில் வைத்துவிட்டு எழுந்து போனான். அவனோடு பதினான்கு பேர் போனார்கள்.

அடுத்து நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிளைச் செயலாளர் ஆனேன். முதல் தேர்தலில் பூத் ஏஜெண்டாக உட்கார்ந்தேன். அடுத்த பெஞ்சில் வேறு கட்சி ஏஜெண்டாகப் பொருளாளர். காலையிலிருந்து சாயங்காலம் வரை வாக்காளர் பட்டியலைப் பார்த்தபடி இருவரும் முகம் கொடுக்காமல் இருந்தோம். மதியச் சாப்பாடுகூட அவரவர் பொட்டலம். சில வருஷத்தில், யாரை எதிர்த்துத் தெருத்தெருவாகப் பேசச் சொன்னார்களோ அவர்களோடே கூட்டணி என்று அறிவிப்பு வந்தது. கூட்டணி எல்லாக் கட்சியும் வைப்பதுதான், தெரியும். ஆனால் நான் பேசியது என் ஊரில், என் முகம் தெரிந்தவர்களிடம். விலகல் கடிதம் எழுதிக் கொடுத்தேன். துரோகி என்றார்கள். வேறு கட்சியில் விலைபோய்விட்டான் என்றார்கள். நான் இன்றுவரை எந்தக் கட்சியிலும் இல்லை.

அதற்குப் பிறகு அவர் படங்களை என்னால் பார்க்க முடியவில்லை. கோபம் என்று நினைத்தேன். என் பிள்ளைகள் டிவியில் வைத்தால் எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன்.

ஒரு தடவை மதுரையிலிருந்து சென்னைக்கு ராத்திரி பஸ். டிரைவர் அவருடைய பழைய படத்தைப் போட்டுவிட்டார். நாங்கள் பதினொரு தடவை பார்த்த படம். இறங்கவும் முடியாது, நிறுத்தச் சொல்லவும் முடியாது. கண்ணை மூடிக்கொண்டேன். காது கேட்கிறதே. ஒவ்வொரு வசனமும் வாய்க்குள் ஒரு நொடி முன்னால் ஓடுகிறது. இடைவேளைக்கு முன்னால் அவர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரும் இடம் வந்தது. எங்கள் தியேட்டரில் அங்கே ஒரு விசில் எழும், பொருளாளருடையது. இரண்டு விரலை மடக்கி அடிப்பான், கூரைத் தகரம் அதிரும். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் கத்துவார்கள். பஸ்ஸில் அந்த இடம் சத்தமே இல்லாமல் கடந்து போனது. பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள்.

பக்கத்து சீட்டில் ஒரு பையன், பத்து வயதிருக்கும், அம்மா மடியில் தலை வைத்துத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "மாமா, அடுத்து அந்த அண்ணன் செத்துருவாரா?" என்று கேட்டான். சாகமாட்டார் என்றேன். எப்படித் தப்பிப்பார் என்றான். சொன்னேன். அடுத்த காட்சி, அதற்கடுத்த சண்டை, வில்லன் மாட்டிக்கொள்ளும் இடம் என்று சொல்லிக்கொண்டே போனேன். விழுப்புரம் தாண்டும் வரை நான் சொல்லிக்கொண்டிருந்தேன், அவன் கேட்டுக்கொண்டிருந்தான். கட்சி பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது. நானும் வாய் திறக்கவில்லை. இத்தனை வருஷமாக எனக்குப் பார்க்க முடியாமல் இருந்தது அவர் முகம் இல்லை, அந்த விசில் இல்லாத கொட்டகை என்று அந்த ராத்திரிதான் புரிந்தது.

கேள்விக்குத் தொடர்பில்லைதான், ஆனாலும் இதைச் சொல்லாமல் விட முடியாது. அந்த பஸ்ஸில் ஓடியது ஒரு சேனலில் பதிவு செய்த பிரதி. இப்போதெல்லாம் பழைய படத்தின் மேலும் கீழும் வெட்டி அகலத்திரை டிவிக்குத் தோதாக ஆக்கிவிடுகிறார்கள். நெற்றி இல்லை, பாதம் இல்லை. நடனத்தில் கால் தெரியாவிட்டால் என்ன நடனம்? ஒளிப்பதிவாளர் அளந்து வைத்த சட்டகம் அது. பக்கத்தில் இரண்டு கறுப்புப் பட்டை இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? பெயர்ப்பட்டியலையும் பாதியில் நிறுத்தி விளம்பரம் போடுகிறார்கள். சண்டைக் கலைஞர், எடிட்டர், ஒப்பனைக்காரர் என்று எத்தனை பேர் உழைப்பு. அந்த நடிகரின் அரசியல் பிடிக்கவில்லை என்று படத்தையே ஒதுக்குகிறவர்கள் இவர்களையும் சேர்த்தே ஒதுக்குகிறார்கள், நானும் அதைச் செய்தேன் என்பதால் சொல்கிறேன்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் படங்களை யாரோடு பார்த்தீர்கள்? அவரோடு இப்போது பேச்சுவார்த்தை இருக்கிறதா? இருந்தால் தைரியமாகப் பாருங்கள், ஒன்றும் ஆகாது, பிடிக்காத அரசியலைப் பிடிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே பாருங்கள். இல்லையென்றால் படத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் அவருக்கு ஒரு போன் போடுங்கள். நான் தள்ளிப்போட்டேன்.

பொருளாளர் இப்போது மெயின் ரோட்டில் மளிகைக்கடை வைத்திருக்கிறான். போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது ஐந்து ரூபாய் நாணயம் ஒன்றைச் சட்டைப்பையில் தனியாகப் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். அவன் இல்லை, மகன்தான் கல்லாவில் இருந்தான். என்ன வேணும் அண்ணாச்சி என்று கேட்டான். ஒரு சோப்பு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.