குழந்தைப் பல் மருத்துவரிடம் கேளுங்கள்: அச்சு எடுத்தால் வாந்தி, ஸ்கேனர் உதவுமா?

கேள்வி: என் ஏழு வயது மகனுக்குச் சொத்தையான கீழ்க் கடைவாய்ப் பால்பல் ஒன்றைப் பிடுங்கிவிட்டார்கள். அந்த இடத்தைக் காக்கக் கம்பி வளையம் போட வேண்டுமாம். அச்சு எடுப்பதற்காக மாவுத் தட்டை வாயில் வைத்ததுமே வாந்தி எடுத்துவிட்டான். இப்போது கிளினிக் வாசலிலேயே அழுகிறான். ஸ்கேனர் உள்ள வேறு கிளினிக்குக்கு அழைத்துப் போகலாமா? கதிர்வீச்சு உண்டா? விழப்போகிற பல்லுக்கு இத்தனை பாடு தேவையா, டாக்டர்?
— ஒரு தாய், பட்டர்வொர்த்

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், சகோதரி. தேவைதான். பிடுங்கியது இரண்டாவது கடைவாய்ப் பால்பல் என்றால், பத்து முதல் பன்னிரண்டு வயது வரை வாயில் இருந்திருக்க வேண்டிய பல் அது. ஆறு வயதில் அதற்குப் பின்னால் முளைக்கும் நிரந்தரக் கடைவாய்ப்பல், இடம் காலியானதும் முன்னால் சாய்ந்துவிடும். அடியில் வளர்ந்துகொண்டிருக்கும் பல்லுக்கு வழி அடைபடும். அதைப் பின்னாளில் சரிசெய்வதற்கு ஆகும் செலவும் காலமும் மிக அதிகம்.

மாவுக்குப் பதிலாகப் பல்லைப் படம் பிடிக்கும் இந்த ஸ்கேனரில் கதிர்வீச்சு இல்லை. பற்களின் மேல் ஒளியைப் பாய்ச்சி அடுத்தடுத்துப் படம் எடுக்கிறது. கணினி அவற்றைச் சேர்த்து முப்பரிமாண வடிவமாக்குகிறது. 1985-லேயே சூரிச் பல்கலைக்கழகத்தில் பல்லை இப்படிப் படம் பிடித்து, அங்கேயே அடைப்பைச் செதுக்கிப் பொருத்தினார்கள். அன்று பல்லின் மேல் வெள்ளைப் பொடி தூவ வேண்டியிருந்தது. இன்றைய கருவிகளில் பெரும்பாலானவற்றுக்கு அது வேண்டியதில்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, நடுவில் நிறுத்த முடிவது. மாவை வைத்துவிட்டால் அது இறுகும்வரை இரண்டு மூன்று நிமிடம் பிள்ளை பொறுத்தே ஆக வேண்டும். ஸ்கேனர் என்றால் அவன் கையைத் தூக்கியதும் வெளியே எடுத்துவிடுவேன். விட்ட இடத்திலிருந்து பிறகு தொடரலாம். பயந்துபோய் வரும் பிள்ளைக்கு முதலில் கட்டைவிரல் நகத்தைத்தான் ஸ்கேன் செய்கிறேன். நகத்தின் கோடுகளும் ஓரத்து அழுக்கும் திரையில் பெரிதாக எழும்பும்போது, அழுதுகொண்டிருந்தவன் கழுத்தை நீட்டிப் பார்ப்பான். வாய்க்குள் விடும் ஸ்கேனர் முனையை அவன் உள்ளங்கையில் வைத்து, அது ஏன் வெதுவெதுப்பாக இருக்கிறது என்று சொல்வேன்: மூச்சுக்காற்று பட்டுக் கண்ணாடி மங்கிவிடக் கூடாதே. பிறகு அவன் கண்ணெதிரே சுத்தமான வேறு முனையை மாட்டுவேன். அதற்குள் பெரும்பாலான பிள்ளைகள் வாயைத் திறந்து காத்திருப்பார்கள்.

ஆனாலும் சின்ன வாயில் இது சுலபமான வேலையல்ல. முனை கடைசிப் பல்லின் பின்புறம் போவதற்குள் கன்னத்தில் இடிக்கும். எச்சில் தேங்கினால் படம் கெடும். நாக்கு குறுக்கே வரும். உங்கள் மகனுக்கு அந்த ஒரு பக்கத்துக் கீழ்ப்பற்களும், எதிரே உள்ள மேல்பற்களும், அவன் கடிக்கும் விதமும் கிடைத்தாலே போதும். அதை மட்டும் எடுக்க முடியுமா என்று நீங்களே கேளுங்கள்.

ஸ்கேனர் இல்லாத கிளினிக்கைக் குறைவாக எண்ணிவிடாதீர்கள். அளவான சின்னத் தட்டு, நிமிர்ந்த இருக்கை, சீக்கிரம் இறுகும்படி வெதுவெதுப்பான நீரில் குழைத்த மாவு, மூக்கால் மூச்சுவிடப் பழக்கும் பொறுமை, இவை இருந்தால் பழைய முறையிலும் நல்ல அச்சு கிடைக்கும். நம் பினாங்கில் 1949-இல் தொடங்கிய பயிற்சிப் பள்ளியில் படித்த பல் தாதியர், பள்ளிப் பிள்ளைகளை இந்தப் பொறுமையோடுதான் கவனித்தார்கள்.

வீட்டில் ஒன்றை மட்டும் நிறுத்துங்கள். “அடம் பிடித்தால் டாக்டரிடம் சொல்லி ஊசி போடுவேன்” என்று யாரும் அவனை மிரட்டக் கூடாது.

கேள்வி: ஐந்து வயது மகளின் வாயை ஸ்கேன் செய்து காட்டினார்கள். பற்கள் முத்துப்போல் இருக்கின்றன. பிறகும் எக்ஸ்ரே வேண்டும் என்கிறார் டாக்டர். இது பணம் பறிக்கும் வேலையா?
— ஒரு தந்தை, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: இல்லை, ஐயா. ஸ்கேனர் காட்டுவது பல்லின் மேற்பரப்பை. கடைவாய்ப் பால்பற்கள் இரண்டும் அகலமாக ஒட்டி நிற்பவை. அவை தொடும் இடத்துக்குச் சற்றுக் கீழேதான் சொத்தை ஒளிந்து தொடங்கும். பால்பல்லின் எனாமல் மெல்லியது என்பதால் அது விரைவில் நரம்பை எட்டிவிடும். சில புதிய ஸ்கேனர்கள் அகச்சிவப்புக்கு நெருங்கிய ஒளியைச் செலுத்தி இந்த இடுக்குச் சொத்தையைக் கண்டறிய உதவுகின்றன. ஆனால் வேரையோ, அடியில் வளரும் நிரந்தரப் பல்லையோ, எலும்புக்குள் கட்டியிருக்கும் சீழையோ அவற்றால் காட்ட முடியாது.

பல் எக்ஸ்ரேயின் கதிர்வீச்சு மிகக் குறைவு. ஆனாலும் ஒவ்வொரு வருகைக்கும் அது தேவையில்லை. “எந்தப் பல்லில் எதைத் தேடுகிறீர்கள்?” என்று டாக்டரிடம் கேளுங்கள். காரணம் உள்ளவர் தயங்காமல் சொல்வார்.

கேள்வி: பேரன் மேலுதடும் அண்ணமும் பிளந்து பிறந்திருக்கிறான். அறுவைக்கு முன் மேல்வாயில் பொருத்தும் அண்ணத் தட்டு செய்ய ஸ்கேன் எடுப்பார்களாம். பச்சைக் குழந்தையின் வாயில் கருவியை விடலாமா? கிரகணத்தில் மருமகள் வெளியே போனதுதான் காரணம் என்று உறவில் பேசுகிறார்கள். உண்மையா?
— ஒரு பாட்டி, ஜெலுத்தோங்

பதில்: விடலாம், அம்மா. பழைய முறையில் அச்சுப்பொருளின் துணுக்கு பிய்ந்து பிளவுக்குள் மாட்டிக்கொள்ளவோ மூச்சுக்குழாயை அடைக்கவோ வாய்ப்புண்டு; அதனால்தான் உறிஞ்சு குழாயோடு ஆட்கள் பக்கத்திலேயே நிற்பார்கள். ஸ்கேனரில் அந்த ஆபத்து இல்லை. பிளவின் ஆழமான மடிப்புகள் மட்டும் சில சமயம் சரியாகப் பதியாமல் போகும். எல்லாக் குழந்தைக்கும் தட்டு தேவைப்படாது. அறுவை செய்யும் குழுவே முடிவு செய்யட்டும். அதுவரை பிளவுள்ள குழந்தைக்கான பால் புட்டியைக் கேட்டு வாங்குங்கள். பேரனை நிமிர்த்திப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டுங்கள்.

கிரகணத்துக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. கருவில் உதடு கூடுவது நான்காம் வாரத்திலிருந்து ஏழாம் வாரத்துக்குள். அண்ணம் கூடுவது ஆறிலிருந்து ஒன்பதாம் வாரத்துக்குள். தான் கர்ப்பமாக இருப்பதே தெரியாத தாய்மார்கள் பலர் இருக்கும் காலம் அது. மரபணுவும் வேறு பல காரணங்களும் சேர்ந்துதான் பிளவு உண்டாகிறது. பிள்ளை பெற்ற உடம்போடு, புகட்டிய பால் மூக்கில் வழிவதைத் துடைத்துக்கொண்டிருக்கும் பெண்ணின் மேல் இந்தப் பழியையும் சுமத்துவது கொடுமை. இதை உறவினர் முன்னிலையில் நீங்களே சொல்லுங்கள், அம்மா. நான் பத்திரிகையில் எழுதுவதைவிட, மாமியார் வாயால் வரும் சொல்லுக்குத்தான் அந்த வீட்டில் மதிப்பு அதிகம்.