அங்கே வாங்கிய விவாகரத்து இங்கே செல்லுமா?

கேள்வி: நான் இந்தியக் குடிமகள், கணவர் அமெரிக்கக் குடிமகன். தஞ்சாவூரில் இந்து முறைப்படி கல்யாணம். இப்போது அவர் கலிஃபோர்னியாவில் விவாகரத்துக்கு மனு போட்டிருக்கிறார். நான் ஊரில் இருக்கிறேன். என்ன செய்வது?

எனக்கும் இதே கதைதான், கல்யாணம் நடந்த ஊர் மட்டும் கும்பகோணம்.

முதலில் பாஸ்போர்ட்டை மறந்துவிடுங்கள். இந்த இரண்டு நாட்டுக் கோர்ட்டுகளும் குடியுரிமையைப் பெரிதாகப் பார்ப்பதில்லை. கலிஃபோர்னியாவில் உங்களில் ஒருவர் அந்த மாநிலத்தில் 6 மாதம், அந்தக் கவுன்ட்டியில் (நம் மாவட்டம் மாதிரி) 3 மாதம் குடியிருந்தால் போதும், மனு போடலாம். காரணமும் பெரிதாக வேண்டாம். 'ஒத்துப்போகவில்லை' என்றால் முடிந்தது.

சிக்கலே அந்தக் காரணத்தில்தான். இந்து திருமணச் சட்டத்தில் கொடுமை உண்டு, கைவிட்டுப் போவது உண்டு, இருவரும் சம்மதித்துப் பிரிவது உண்டு. ஒருவர் மட்டும் வந்து 'ஒத்துப்போகவில்லை' என்றால் குடும்பநல நீதிமன்றத்தில் எடுபடாது. 1991-இல் நரசிம்ம ராவ் எதிர் வெங்கட லட்சுமி வழக்கில் சுப்ரீம் கோர்ட் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. திருப்பதியில் கல்யாணம், மிசௌரியில் கணவர் தனியாக வாங்கிய விவாகரத்து. செல்லாது என்றார்கள். ஆனால் அதே தீர்ப்பில் வழியும் இருக்கிறது: மனைவி அந்தக் கோர்ட்டில் மனதாரச் சம்மதித்தால் செல்லும். அல்லது அவர் அங்கே ஆஜராகி வழக்காடி, நம் சட்டத்தில் உள்ள காரணத்தின்மேல் தீர்ப்பு வந்தாலும் செல்லும்.

சம்மன் வந்தபோது என் அப்பா, "பதிலே போடாதம்மா, கேஸ் தானா செத்துப்போகும்" என்றார். போடவில்லை. கேஸ் சாகவில்லை, நான் இல்லாமலே தீர்ப்பு வந்தது. அங்கே அவர் தனியாள், இங்கே நான் பெண்டாட்டி. பேரை மாற்ற ஓர் அலுவலகத்துக்குப் போனால், கவுன்டரில் இருந்த அம்மா அமெரிக்கத் தாளை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "நம்மூர் கோர்ட்டு ஆர்டர் இல்லையா கண்ணு?" என்றார். இதைவிடப் பெரிய நஷ்டம் வேறு. கல்யாணத்துக்குப் பிறகு சம்பாதித்துச் சேர்த்தது கலிஃபோர்னியாவில் பாதிப் பாதி. கேட்க வேண்டிய இடத்தில் நான் வாயே திறக்கவில்லை.

கடைசியில் வழி பிறந்தது எப்படி என்றால், அவருக்குத் திருச்சியில் பெண் பார்த்தார்கள்! பெண் வீட்டு வக்கீல் விவரமானவர். "முதல் கல்யாணம் இங்கே இன்னும் உயிரோட இருக்கு, கட்டினா இருதார வழக்கு வரும்" என்று சொல்லிவிட்டார். அடுத்த வாரமே என் மாமனாரிடமிருந்து போன். (மூன்று வருஷத்தில் முதல் போன்.)

இருவரும் சேர்ந்து இங்கே இந்து திருமணச் சட்டம் 13பி பிரிவில் பரஸ்பர சம்மத மனு போட்டோம். அவர் அபோஸ்டில் முத்திரையோடு (ஒரு நாட்டுப் பத்திரம் இன்னொரு நாட்டில் செல்ல வைக்கும் அரசு முத்திரை) தன் அப்பாவுக்குப் பவர் கொடுத்தார். பிரிந்து ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது, பணப் பேச்சும் முடிந்திருந்தது. அதனால் இதற்கு வழிவிட்ட சுப்ரீம் கோர்ட்டின் 2017 தீர்ப்பைக் காட்டி 6 மாதக் காத்திருப்பைத் தள்ளுபடி செய்யக் கேட்டோம், கிடைத்தது. இரண்டாவது மோஷனுக்கு, அதாவது சம்மதத்தை மறுபடி உறுதி செய்யும் கடைசிக் கட்டத்துக்கு, அவர் வீடியோவில் வந்தார். இங்கே மத்தியானம் மூன்று, அங்கே விடிகாலை இரண்டரை. இஸ்திரி போட்ட சட்டை, பின்னால் நான் வாங்கிய அதே திரைச்சீலை. நீதிபதி கேட்டதற்கு "யெஸ்" என்று இரண்டு தடவை சொன்னார்.

ஆகவே நீங்கள் சும்மா இருக்காதீர்கள். கெடு முடியும் முன் அங்கே ஒரு வக்கீலைப் பிடியுங்கள், சொத்துப் பங்கைக் கேளுங்கள். சம்மதம் என்று கையெழுத்துப் போடும் முன் இங்குள்ள வக்கீலிடம் அந்த வாசகத்தைக் காட்டுங்கள். குழந்தை அங்கே இருந்தால், சொல்லாமல் கூட்டிக்கொண்டு விமானம் ஏறும் யோசனையே வேண்டாம். 1980 ஹேக் குழந்தைக் கடத்தல் ஒப்பந்தத்தில் இந்தியா சேரவில்லை என்று தைரியம் சொல்வார்கள், ஆனால் அமெரிக்காவில் அது கிரிமினல் குற்றமாகலாம்.

தீர்ப்பு வந்ததும் சர்டிஃபைட் காப்பி நாலைந்தாக வாங்கிக்கொள்ளுங்கள். அந்த 1991 வழக்கில் கணவர் நீட்டிய நகலில் அமெரிக்கக் கோர்ட்டின் சான்று இருந்தது, ஆனால் அங்குள்ள நம் அரசுப் பிரதிநிதியின் சான்று இல்லை. அதைச் சாட்சியமாகவே எடுத்துக்கொள்ளவில்லை.