சிகரெட்டை விட்ட பிறகு படபடப்பா? காபியை எண்ணிப் பாருங்கள்

கேள்வி: சிகரெட்டை விட்டு 2 மாதம் ஆகிறது. மனசு லேசாகும் என்று பார்த்தால், மாலையானால் நெஞ்சு படபடக்கிறது, நடுராத்திரி விழிப்பு வந்துவிடுகிறது. ஈசிஜி நார்மல். நண்பர் தூக்க மாத்திரையில் பாதி கொடுத்தார், நன்றாகத் தூங்கினேன். தொடரலாமா? தினமும் 5 காபி, அதில் மாற்றமில்லை.

பதில்: மாத்திரை வேண்டாம். "அதில் மாற்றமில்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்குச் சந்தேகம் அங்கேதான்.

சிகரெட் புகை கல்லீரலை முடுக்கிவிடும். காபியில் இருக்கும் கஃபீனை அது மளமளவென்று கழித்துவிடும். புகை நின்றதும் கல்லீரல் பழைய நிதானத்துக்கு வந்துவிடுகிறது, நீங்களோ அதே 5 காபியில் நிற்கிறீர்கள், ஆகவே ரத்தத்தில் கஃபீன் முன்பிருந்ததைப்போல இரண்டு மடங்குகூட ஆகலாம். புகைக்காதவருக்குக் குடித்ததில் பாதி கழியச் சுமார் 5 மணி நேரம் பிடிக்கும். மாலை 6 மணிக் காபியில் பாதி, 11 மணிக்கு உங்களோடுதான் படுக்கிறது.

ஒரேயடியாக நிறுத்தினால் தலை பிளக்கும் (சில தலைவலி மாத்திரைகளிலும் கஃபீன் உண்டு, கவனம்). 3, 4 நாளைக்கு ஒன்றாகக் குறைத்து இரண்டுக்கு வாருங்கள், மதியத்துக்குமேல் வேண்டாம். கோலா, எனர்ஜி டிரிங்க், கிரீன் டீ எல்லாம் இதே கணக்கில்தான் சேரும்.

சரி, அந்த அரை மாத்திரை. "எனக்கு ஒத்துக்கிச்சு, நீயும் போடு" என்று நீட்டுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கும் அல்பிரசோலம் வகை மாத்திரைகளைத் தினமும் சில வாரம் போட்டாலே உடம்பு பழகிவிடும். நிறுத்தும்போது பதற்றம் முன்பைவிட மோசமாக வரும், நோய் முற்றிவிட்டது என்று பயந்து மறுபடி அதையே தேடுவீர்கள். மதுவோடு சேர்ந்தால் மூச்சே அடங்கிப்போகலாம். உள்ளே என்ன இருக்கிறது என்றே எழுதாமல் ஆன்லைனில் விற்கும் 'மன அமைதி' கேப்சூல் பக்கமும் போகாதீர்கள்.

ஒன்று மட்டும் காபியோடு முடியாது: தைராய்டு. அது அதிகமாகச் சுரந்தாலும் இதே படபடப்பு, இதே தூக்கமின்மை. நன்றாகச் சாப்பிட்டும் எடை குறைகிறதா, கையை நீட்டினால் விரல் நடுங்குகிறதா, மற்றவர்கள் சும்மா இருக்கும்போது உங்களுக்கு மட்டும் வியர்க்கிறதா? இதெல்லாம் இல்லாவிட்டாலும் தைராய்டு எப்படி இருக்கிறது என்று காட்டும் டிஎஸ்ஹெச் ரத்தப் பரிசோதனை ஒருமுறை செய்துவிடுங்கள். இதை ஈசிஜி எடுத்த அன்றே சொல்லியிருக்க வேண்டும். ஈசிஜி நார்மல் என்றதும் "டென்ஷன் ஆகாதீங்க" என்று மூன்றே நிமிடத்தில் அனுப்பிவிடுகிறார்கள், எத்தனை காபி, சிகரெட்டை எப்போது விட்டீர்கள் என்று கேட்க அங்கே யாருக்கும் நேரமில்லை.

மாத்திரையை எத்தனை நாள் போட்டீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஓரிரு நாள் என்றால் அப்படியே விட்டுவிடலாம். தினமும் போட்டுச் சில வாரம் ஆகிவிட்டதென்றால் நீங்களாக நிறுத்தாதீர்கள், மனநல மருத்துவரிடம் போய்ப் படிப்படியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.