பழைய வீட்டின் அடுக்களையையும் பாத்ரூமையும் புதுப்பிக்க நான்கு லட்சம் இருக்கிறது, எதில் போட்டால் பிரயோஜனம்?

தக்கலைப் பக்கம் 1997-ல் கட்டிய கான்கிரீட் வீடு, எழுபது தாண்டிய அப்பா அம்மா, ஒரே பாத்ரூம், கையில் நான்கு லட்சம். மாடுலர் கிச்சனா, பெரிய டைல்ஸா, பின்னால் வீட்டை விற்றால் போட்ட பணம் திரும்புமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மார்த்தாண்டம் பக்கம் கிட்டத்தட்ட இதே வயதுள்ள வீட்டில் இந்த வேலையை இரண்டு தடவை செய்தவன். முதல் தடவை தப்பாகச் செய்ததால்தான் இரண்டாவது தடவை செய்ய வேண்டி வந்தது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

விற்கிற கணக்கை முதலில் தள்ளி வையுங்கள். நம் ஊரில் வீடு பார்க்க வருகிறவர் கேட்பது எத்தனை சென்ட், வாசல் வரை வண்டி வருமா, சித்திரையில் கிணற்றில் தண்ணீர் நிற்குமா என்பதைத்தான். கப்போர்டின் பளபளப்பைப் பார்த்து விலையை ஏற்றித் தந்தவரை நான் இதுவரை பார்த்ததில்லை. ஆனால் பாத்ரூமுக்குப் பின்பக்கச் சுவரில் ஈரம் ஏறி வெள்ளை பூத்திருந்தால் அதைக் காட்டிக் கட்டாயம் குறைத்துக் கேட்பார்கள். ஆகவே விற்பதற்கென்று செய்தாலும் சரி, இருந்து வாழ்வதற்கென்று செய்தாலும் சரி, பணம் முதலில் போக வேண்டியது சுவருக்குள்ளும் தரைக்கு அடியிலும்தான்: தண்ணீர் வரும் குழாய், கழிவு போகும் குழாய், தரை வாட்டம் (தண்ணீர் ஓடுகிற சரிவு), ஈரம் இறங்காத பூச்சு, கரண்ட் ஒயர். கண்ணுக்குத் தெரிகிற டைல்ஸும் கதவும் மிச்சப் பணத்தில் வாங்க வேண்டியவை. நாங்கள் முதல் தடவை இதைத் தலைகீழாகச் செய்தோம்.

2015-ல் ஒரு கடையில் ஆர்டர் கொடுத்து மாடுலர் கிச்சன் போட்டோம். பளபளவென்றுதான் இருந்தது. உள்ளே இருந்தது மரத்தூளை அழுத்திச் செய்த பலகை என்று எங்களுக்கு அப்போது தெரியாது, கேட்கவும் தோன்றவில்லை. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஜூன் வாக்கில் வரும் இடவப்பாதி மழை ஒன்று, ஐப்பசி கார்த்திகை மழை ஒன்று என்று வருடத்தில் பாதி நாள் காற்றிலேயே ஈரம் இருக்கும். இரண்டாவது மழைக்காலம் முடிவதற்குள் சிங்க்குக்குக் கீழே உள்ள கதவு அடிப்பக்கம் ரொட்டி மாதிரி உப்பிவிட்டது. ஒருநாள் அம்மா அந்தக் கதவைத் திறந்தபோது கீல் ஆணியோடு அப்படியே கையோடு வந்தது, ஆணி இருந்த ஓட்டையிலிருந்து ஈரத்தூள் உதிர்ந்தது. உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால் சுவரோரம் சிதல் (கரையான்) மண்கோடு போட்டு மேலே ஏறியிருக்கிறது. சிங்க்கின் கழிவுக்குழாய் இணைப்பில் சொட்டுச் சொட்டாக எத்தனை மாதம் கசிந்ததோ, பலகை மறைத்திருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

அதனால் இரண்டாவது தடவை சிங்க்குக்குக் கீழே எதுவுமே போடவில்லை. திறந்தே கிடக்கிறது, ஒரு குப்பை வாளியும் துடைப்பமும் மட்டும் இருக்கின்றன. கசிந்தால் அன்றைக்கே கண்ணில் படும். மற்ற இடத்தில் கடப்பாக்கல் தட்டு, அதற்கு முன்னால் அலுமினியச் சட்டத்தில் கதவு. மரம்தான் வேண்டும் என்றால் ஆசாரியிடம் ப்ளைவுட்டில் ஐஎஸ் 710 முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்கச் சொல்லுங்கள், அதுதான் தண்ணீர் தாங்கும் மரைன் ரகம். ஐஎஸ் 303 அதற்கு ஒரு படி கீழே. சிங்க் வாங்கும்போது 304 ஸ்டீல் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல ஸ்டீல் என்று கடையில் சொல்வார்கள், விலை குறைந்த 202 ரகத்திலும் காந்தம் ஒட்டாது, அந்தச் சோதனையை நம்ப வேண்டாம். குளச்சல், முட்டம் மாதிரி கடலோரத்தில் இருக்கிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம், உப்புக்காற்றில் மட்டமான ஸ்டீலும் சாதா கீலும் சீக்கிரமே துருப்பிடித்துவிடும்.

சரி, வேலை தொடங்கும் முன் காசு செலவில்லாத இரண்டு சோதனை. ராத்திரி எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மேல் தொட்டியில் தண்ணீர் மட்டத்தை ஒரு கோடு போட்டு வையுங்கள். காலையில் மட்டம் இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். அடுத்தது, பாத்ரூம் தரையில் இரண்டு வாளி தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பத்து நிமிடம் கழித்துப் போய்ப் பாருங்கள். எங்கே தேங்கி நிற்கிறதோ அங்கேதான் பாசி பிடிக்கும், அங்கேதான் கால் வழுக்கும்.

உங்கள் வீடு 1997 என்றால் உள்ளே பெரும்பாலும் ஜிஐ குழாய்தான், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்தான் இருக்கும். எங்கள் வீட்டில் ப்ளம்பர் ஒரு எல்போவை அறுத்து எடுத்து என் கையில் தந்தார். வெளியே பார்த்தால் முக்கால் இஞ்ச் குழாய், உள்ளே துரு அடை அடையாகக் கட்டி என் சுண்டுவிரல் நுழையாத அளவுக்கு ஓட்டை சுருங்கியிருந்தது. மாடித் தொட்டி நிறைந்திருந்தும் ஷவரில் தண்ணீர் நூல் மாதிரி வந்ததன் காரணம் அன்றைக்குத்தான் புரிந்தது, அதற்குள் ஒரு பிரஷர் பம்ப்புக்கு வேறு விலை விசாரித்து வைத்திருந்தேன். எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். சுடுதண்ணீர் போகும் குழாய்க்கு சூடு தாங்கும் பிளாஸ்டிக்கான சிபிவிசி, சாதா தண்ணீருக்கு யுபிவிசி பிளாஸ்டிக் போதும். கழிவுக்கு க்ளாசெட்டிலிருந்து நாலு இஞ்ச், தரைத் தண்ணீருக்கு இரண்டரை அல்லது மூன்று இஞ்ச். சுவரைப் பூசுவதற்கு முன் பம்ப் வைத்து அழுத்தச் சோதனை செய்து காட்டச் சொல்லுங்கள், ஒப்பந்தம் பேசும்போதே சொல்லிவிட வேண்டும், பிறகு கேட்டால் நேரமில்லை என்பார்கள். அப்புறம் டைல்ஸ் ஒட்டும் முன் ஒவ்வொரு சுவரையும் அளவு டேப்பைப் பக்கத்தில் பிடித்துப் போட்டோ எடுத்து வையுங்கள். நாளைக்கு ஒரு கைப்பிடிக்கோ கண்ணாடிக்கோ துளை போடும்போது குழாய் எங்கே ஓடுகிறது என்று அந்தப் போட்டோ சொல்லும்.

பாத்ரூமில் பழைய தரைக்கு மேலேயே புது டைல்ஸ் ஒட்டித் தருகிறேன், இரண்டு நாளில் முடியும் என்று ஒருவர் வருவார். சம்மதிக்காதீர்கள். தரை உயர்ந்துவிடும், வாசல்படி மட்டம் கெடும், அடியில் கசிவது கசிந்துகொண்டேதான் இருக்கும். பழைய தளத்தைக் கொத்தி எடுத்து, மூலைகளைக் கலவையால் உருட்டிப் பூசி, பாலிமர் கலந்த சிமெண்ட் பூச்சு இரண்டு தடவை, ஒன்று காய்ந்த பிறகு அடுத்தது. சுவரில் ஒரு அடி உயரம் வரை, குளிக்கிற பக்கம் ஆறு அடி வரை ஏற்ற வேண்டும். காய்ந்ததும் தண்ணீர் போகும் வாயை அடைத்துத் தரையில் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் விட்டு, மட்டம் இறங்குகிறதா, வெளிச்சுவரில் ஈரம் தெரிகிறதா என்று பாருங்கள். இந்த இரண்டு நாள் கொத்தனாருக்குச் சும்மா போகிற நாள், அவசரப்படுத்துவார், விட்டுக்கொடுக்க வேண்டாம். மாடியில் பாத்ரூம் இருக்கிற வீட்டில் இது சரியில்லை என்றால் கீழே கூரைக் கம்பி துருப்பிடித்து கான்கிரீட் பெயர்ந்து விழும்.

வாட்டம் மூன்று மீட்டருக்கு மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் இருந்தால் தண்ணீர் நிற்காது. தரைத் தண்ணீர் இறங்கும் வாயில் வைக்கிற நானி ட்ராப்பில் இரண்டு இஞ்ச் ஆழத்துக்குத் தண்ணீர் எப்போதும் நிற்கிற மாதிரி பார்த்து வாங்குங்கள், அந்தத் தண்ணீர்தான் நாற்றத்தையும் கரப்பானையும் தடுக்கிறது. தரைக்குப் பெரிய வழவழ டைல்ஸ் வேண்டவே வேண்டாம். ஒரு அடிக்கு ஒரு அடி, சொரசொரப்பான ரகம், பெட்டியில் ஆர் 11 என்று போட்டிருக்கும். சின்ன டைல்ஸ் என்றால் வாட்டத்துக்கு ஏற்ப ஒட்டுவதும் எளிது, இடைக்கோடுகள் காலுக்குப் பிடிமானமும் தரும். சுவர் டைல்ஸைத் தரையில் போட்டுத் தருகிறவர்களும் உண்டு, அது தண்ணீரைக் குடிக்கும், தரைக்கு ஆகாது.

எங்கள் அம்மா 2019-ல் பாத்ரூமில் விழுந்தார். இடுப்பெலும்பு தப்பியது, மணிக்கட்டு முறிந்தது. கதவு உள்பக்கம் திறக்கும் கதவு, விழுந்து கிடந்த அம்மாவின் கால் கதவில் முட்டிக்கொண்டிருந்ததால் தள்ளித் திறக்க முடியாமல் நானும் தம்பியும் கீலைக் கழற்றித்தான் உள்ளே போனோம். அம்மா உள்ளே இருந்து "பதறாதப்பா, மெதுவா"ன்னு எங்களுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பத்து நிமிடத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு படபடக்கிறது. தயவுசெய்து உங்கள் பாத்ரூம் கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றுங்கள், முடிந்தால் நிலையையும் இரண்டே முக்கால், மூன்று அடிக்கு அகலப்படுத்துங்கள், ஒருநாள் சக்கர நாற்காலி உள்ளே போக வேண்டி வரலாம். க்ளாசெட் பக்கத்துச் சுவரில் ஒன்று, குளிக்கிற இடத்தில் ஒன்று என்று ஸ்டீல் கைப்பிடி வையுங்கள், டவல் மாட்டுகிற கம்பி ஆள் எடையைத் தாங்காது. உட்காருகிற உயரம் 17 முதல் 19 இஞ்ச் இருந்தால் முழங்கால் வலிக்காரர்கள் தானாக எழுந்துவிடுவார்கள். படியே இல்லாமல், உலர்ந்த பக்கத்துக்கும் ஈரப் பக்கத்துக்கும் நடுவே அரை இஞ்ச் தாழ்வு மட்டும் போதும்.

கரண்ட் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கீசருக்குத் தனி ஒயர், 4 சதுர மில்லிமீட்டர், 16 ஆம்பியர் பாயிண்ட், சுவிட்ச் பாத்ரூமுக்கு வெளியே. எர்த்திங் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானாக அணைகிற சுவிட்ச்) ஒன்று கண்டிப்பாக வையுங்கள், கசிவு மின்சாரத்தில் உயிர் காப்பது அதுதான். பழைய வீடுகளில் இது பெரும்பாலும் இருக்காது.

அடுக்களைக்கு வருகிறேன். மேடை உயரத்தைக் கொத்தனார் கையில் விடாதீர்கள். தினமும் சமைக்கிறவரை நிற்க வைத்து முழங்கையை மடக்கச் சொல்லி, அங்கிருந்து நாலு முதல் ஆறு இஞ்ச் கீழே கோடு போடுங்கள். எங்கள் வீட்டில் அது 31 இஞ்ச் வந்தது, பழைய மேடை 34. மூன்று இஞ்ச் வித்தியாசத்தில் அம்மாவின் தோள்வலி பாதி குறைந்தது என்று அவரே சொன்னார். சம்பா அரிசிச் சோறு வடிக்கிற வீடு என்றால் அடுப்புக்கும் சிங்க்குக்கும் நடுவே கனமான பானையைத் தூக்கிக்கொண்டு நடக்கிற தூரமே இருக்கக் கூடாது, ஒரே மேடையில் இரண்டடி இடைவெளியில் இருக்கட்டும். கிரைண்டருக்கு இரண்டடி உயரத்தில் தனித் தாழ்வான திண்டு. விளக்கு தலைக்குப் பின்னால் எரிந்தால் வெட்டுகிற காய் மேல் நிழல்தான் விழும், மேடைக்கு நேர் மேலே ஒரு குழல் விளக்கு வையுங்கள்.

நம் பழைய ஓட்டு வீடுகளில் அடுக்களைப் புகை ஓட்டிடுக்கு வழியாகவே வெளியேறிவிடும். கான்கிரீட் போட்ட பிறகு மீன் பொரித்த எண்ணெய்ப் புகைக்குப் போக்கிடம் இல்லை. சிம்னி வாங்க முடியாவிட்டால் கவலை இல்லை, அடுப்புக்கு மேல் சுவரில் 12 இஞ்ச் எக்ஸாஸ்ட் ஃபேன், எதிர்ப்பக்கம் ஒரு ஜன்னல், இது போதும். சிலிண்டர் உள்ளே இருந்தால் தரையோரம் ஒரு காற்றுத் துளை விடுங்கள், கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் கீழேதான் தேங்கும்.

நான் போட்ட காசில் மிகவும் உபயோகப்பட்டது எது என்று கேட்டால் பின்வாசலுக்கு வெளியே கட்டிய மீன் கழுவுகிற மேடையைச் சொல்வேன். கருங்கல் பலகை ஒன்று, மேலே தகரச் சாய்ப்பு, ஒரு குழாய், ஒரு பெரிய சிங்க், ஒரு பல்பு. முன்பெல்லாம் அம்மா மழையிலும் முற்றத்தில் குத்தவைத்து சாளை மீனைக் கல்லுப்பு போட்டு உரசிக்கொண்டிருப்பார், எழும்போது சுவரைப் பிடித்துத்தான் எழுவார். இப்போது நின்றபடியே செய்கிறார். செதிலும் நாற்றமும் அடுக்களைக்குள் வருவதில்லை, கழுவின தண்ணீர் ஒரு வலையில் வடிந்து நேரே வாழை மரத்தடிக்குப் போகிறது. மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு) தோல் உரிப்பதும் அங்கேதான், பலாப்பழம் வெட்டுவதும் அங்கேதான்.

ஆகவே உங்கள் நான்கு லட்சத்தில் பாத்ரூமுக்கு முக்கியத்துவம் கொடுங்கள். குழாய், ஒயர், தளப்பூச்சு, கதவு இவற்றை முழுமையாக முடித்துவிட்டு, பிறகு அடுக்களை மேடை, வெளியே மீன் மேடை. கப்போர்டுக் கதவுகளுக்குப் பணம் மிஞ்சாவிட்டால் திறந்த கடப்பாக்கல் தட்டோடு ஒரு வருடம் இருங்கள், கதவை எப்போது வேண்டுமானாலும் மாட்டலாம். வேலையைப் பொங்கல் முடிந்ததும் தொடங்கி மே பாதிக்குள் முடித்துவிடப் பாருங்கள், அதற்குப் பிறகு மழை பிடித்தால் பூச்சு காயாது. ஒரே பாத்ரூம் என்பதால் வேலை நடக்கிற இரண்டு வாரத்துக்கு அப்பா அம்மா எங்கே தங்குவார்கள் என்பதை இப்போதே பேசி வையுங்கள். நாங்கள் அம்மாவை அக்கா வீட்டுக்குக் குழித்துறைக்கு அனுப்பியிருந்தோம், தளம் காய்ந்து கைப்பிடி எல்லாம் மாட்டின பிறகுதான் கூட்டிக்கொண்டு வந்தோம்.